வக்கீல் ஆபீசில் வக்கீல் அல்லாதவருக்கு என்ன வேலை?

கேள்வி: பி.காம். முடித்திருக்கிறேன், வயது 27. திண்டுக்கல் பக்கம் ஒரு கிராமம். மகளிர் குழுவுக்கு ஐந்து வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். டவுனில் ஒரு வக்கீல் அம்மா, "ஆபீசுக்கு வா, கட்டு (வழக்குக் கோப்பு) பார்க்கக் கற்றுத் தருகிறேன், மாதம் பத்தாயிரம் தருகிறேன்" என்கிறார். இன்னொரு இடத்தில் ஆறு மாத பாராலீகல் (வக்கீல் அல்லாத சட்ட உதவியாளர்) டிப்ளமோவுக்கு 40,000 ரூபாய் கேட்கிறார்கள். முடித்தால் சின்ன வழக்குகளில் நானே கோர்ட்டில் ஆஜராகலாமாம். இலவச சட்ட உதவி மையத்துக்கு ஆள் எடுப்பதாகவும் கேள்விப்பட்டேன். மூன்றும் ஒரே வேலைதானா? குழுப் பெண்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறேன், அது தப்பா?
— ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த 40,000 ரூபாயைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். எந்த டிப்ளமோவும் உங்களைக் கோர்ட்டில் ஆஜராக விடாது. 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 29, 33 பிரிவுகள், தொழில் செய்யும் உரிமை பார் கவுன்சிலில் பதிவு செய்த வழக்கறிஞருக்கு மட்டுமே என்கின்றன. அந்தத் தகுதியில்லாமல் கோர்ட்டில் தொழில் செய்தால் 45-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை. 32-ஆம் பிரிவில் ஒரு குறிப்பிட்ட வழக்குக்கு மட்டும் நீதிபதி வேறொருவரை அனுமதிக்கலாம். அது அவர் விருப்பம், உங்கள் சான்றிதழுக்குக் கிடைக்கும் மரியாதை இல்லை. நுகர்வோர் ஆணையத்தில் வக்கீல் அல்லாத பிரதிநிதி ஆஜராகலாம் என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதற்கும் டிப்ளமோ கேட்பதில்லை.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2007 முதல் பாராலீகல்களுக்கே தனி உரிமம் உண்டு. சிறு வழக்குகளில் அவர்கள் ஆஜராகிறார்கள். உங்களிடம் டிப்ளமோ விற்பவர் அந்த ஊர்ச் சட்டத்தைப் படித்துவிட்டு திண்டுக்கல்லில் வசூல் செய்கிறார் போலிருக்கிறது.

நம் ஊரில் பாராலீகல் என்ற சொல் இரண்டு பேரைக் குறிக்கிறது. ஒருவர், வக்கீலிடம் சம்பளத்துக்கு இருப்பவர். தலைமுறை தலைமுறையாக 'வக்கீல் குமாஸ்தா' என்று நாம் சொல்லிவந்தவரைத்தான் பெரிய ஆபீஸ்களில் இப்போது லீகல் அசிஸ்டென்ட், பாராலீகல் என்கிறார்கள். இன்னொருவர், இலவச சட்ட உதவி தரும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் சட்டத் தன்னார்வலர் (பாராலீகல் வாலண்டியர்), சுருக்கமாக பி.எல்.வி. முதல் வேலை பிழைப்பு, இரண்டாவது சேவை. இரண்டையும் குழப்பிக்கொண்டால் மாதக் கடைசியில் வருத்தப்படுவீர்கள்.

வக்கீல் ஆபீஸ் வேலையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது கட்டு தூக்குகிற வேலையாகத் தெரியும். உண்மையில் அது தேதியைக் காப்பாற்றுகிற வேலை. வாதம் சரியில்லாததால் தோற்ற வழக்குக்கு மேல்முறையீடு உண்டு; தேதி தவறிய வழக்குக்குத் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனுப் போட்டுக்கொண்டு கைகட்டி நிற்க வேண்டும். சில இடங்களில் அந்த வழியும் அடைபட்டிருக்கும்.

செக் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். செக் திரும்பியது என்று வங்கி தரும் மெமோ மார்ச் 3 அன்று கட்சிக்காரர் கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நோட்டீஸ் அனுப்ப 30 நாள். மார்ச் 3-ஐ விட்டுவிட்டு எண்ணினால் ஏப்ரல் 2 கடைசி நாள். எதிராளிக்கு நோட்டீஸ் ஏப்ரல் 7-இல் கிடைத்தால், பணம் கட்ட அவருக்கு 15 நாள்: ஏப்ரல் 22 வரை. 23-ஆம் தேதி வழக்குமூலம், அதாவது வழக்குப் போடும் காரணம், பிறக்கிறது. அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் புகார் போட வேண்டும். கடைசி நாள் மே 23. இங்கே 'ஒரு மாதம்' என்பது காலண்டர் மாதம், 30 நாள் இல்லை. 22-ஆம் தேதி முடியும் முன்பே அவசரப்பட்டுப் போட்டாலும் புகார் நிற்காது. ஆக, டைரியில் ஒரு செக்குக்கு நான்கு தேதி எழுத வேண்டும்: மெமோ வந்த நாள், நோட்டீஸ் சேர்ந்த நாள், போடத் தொடங்கலாம் என்ற நாள், கடைசி நாள். பெரும்பாலான ஆபீஸ்களில் கடைசித் தேதியை மட்டும் எழுதுவார்கள். நோட்டீஸ் எப்போது சேர்ந்தது என்பதற்கான தபால் ஒப்புகை அட்டை கட்டில் இல்லாமல் அந்தத் தேதிக்கு மதிப்பே கிடையாது.

இதே கணக்கு கிரிமினலில் தலைகீழ். கைதானவரை ரிமாண்ட் செய்து, 60 நாளில் (மரண தண்டனை, ஆயுள், பத்து வருடம் அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள குற்றமென்றால் 90 நாளில்) போலீஸ் குற்றப்பத்திரிகை போடவில்லை என்றால் ஜாமீன் உரிமையாகிறது. இங்கே ரிமாண்ட் செய்த நாளையும் சேர்த்து எண்ண வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் முடிவு செய்துவிட்டது. ஆகஸ்ட் 5-இல் ரிமாண்ட் என்றால் 60-ஆவது நாள் அக்டோபர் 3. அக்டோபர் 4 காலையில் மனு தயாராக இருக்க வேண்டும். மதியம் வரட்டும் என்று இருந்தால், அதற்குள் குற்றப்பத்திரிகை போய்ச் சேர்ந்து உரிமை கைநழுவிப் போகும். முதல் நாளை விடுவதா சேர்ப்பதா என்று சட்டத்துக்குச் சட்டம் மாறும். ஐயம் வந்தால் வக்கீலிடம் கேளுங்கள். கேட்பது கூச்சப்படுகிற விஷயமே இல்லை.

சிவில் பக்கம் வந்தால் தீர்ப்பு நகலுக்கான விண்ணப்பம்தான் உங்களுக்கு உண்மையான பரீட்சை. முன்சீப் கோர்ட்டில் தீர்ப்பு ஜூன் 10. மேல்முறையீட்டுக்கு 30 நாள் (உயர்நீதிமன்றத்துக்குப் போவதானால் 90). நகல் வாங்க ஆன நாட்களைக் காலவரம்புச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு கழித்துக் கொடுக்கிறது. சான்றிட்ட நகலின் பின்பக்கம் பார்த்தால் வரிசையாகத் தேதிகள் இருக்கும்: விண்ணப்பித்த நாள், நகலுக்கான ஸ்டாம்பைக் கோர்ட் கேட்ட நாள், ஸ்டாம்ப் கட்டிய நாள், நகல் தயாரான நாள், பெற்றுக்கொண்ட நாள். ஜூன் 14-இல் விண்ணப்பித்து, 20-இல் ஸ்டாம்ப் கேட்டு அன்றைக்கே கட்டி, ஜூலை 2-இல் நகல் தயாராகி, நீங்கள் ஜூலை 9-இல் போய் வாங்குகிறீர்கள். கழிவது 14 முதல் ஜூலை 2 வரை 19 நாள் மட்டும். ஜூலை 10-உடன் 19 நாள் கூட்டினால் கடைசி நாள் ஜூலை 29. வாங்கிய நாள்வரை கழியும் என்று நினைத்து ஆகஸ்ட் 5 என்று டைரியில் எழுதியவர் ஏழு நாள் தாமதத்தோடு நிற்பார். ஸ்டாம்ப் கேட்ட பிறகு கட்டாமல் விட்ட நாட்களும் உங்கள் கணக்கில்தான் ஏறும். அதனால் ஸ்டாம்ப் கேட்டிருக்கிறார்களா என்று நகல் பிரிவின் அறிவிப்புப் பலகையைத் தவறாமல் பார்க்க வேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்கப் பாடப்புத்தகம் எழுதுபவர்களுக்குப் பொறுமை இருப்பதில்லை.

எதிர்வழக்குரைக்கு (பிரதிவாதி எழுத்தில் தரும் பதிலுக்கு) அழைப்பாணை சேர்ந்ததிலிருந்து 30 நாள், கோர்ட் நீட்டித்தால் 90 வரை. வணிக வழக்கில் 120 தாண்டினால் அந்த உரிமையே போய்விடும். கேவியட் (எங்களைக் கேட்காமல் உத்தரவு போட வேண்டாம் என்று முன்கூட்டியே போடும் மனு) 90 நாள்தான் உயிரோடு இருக்கும். 80-ஆவது நாள் டைரியில் ஒரு குறிப்பு இருக்கட்டும். பிரதிவாதி வராததால் விழுந்த ஒருதலைப்பட்ச டிக்ரியை ரத்து செய்யக் கேட்க 30 நாள்.

தாக்கல் பண்ணும் வேலைக்கு வருவோம். பிராது (வழக்கு மனு) போட்டதும் கிடைப்பது எஸ்.ஆர். நம்பர் என்ற தற்காலிக எண். அது வழக்கு எண் இல்லை. கோர்ட் அலுவலகத்தின் சிரஸ்தார் பிரிவு சரிபார்த்து, குறை இருந்தால் 'ரிட்டர்ன்' போடுவார்கள். கொடுத்த கெடுவுக்குள் சரிசெய்து ரீப்ரசென்ட் செய்ய வேண்டும். கெடு போனால் அதற்கும் தனியாகத் தாமத மன்னிப்பு மனு. எண் விழுந்தால்தான் அது ஓ.எஸ்., அதாவது சிவில் அசல் வழக்கு. ரிட்டர்ன் ஆகும் காரணங்கள் பெரும்பாலும் சட்டச் சிக்கல் இல்லை, கவனக்குறைவு. வக்காலத்தில் நலநிதி ஸ்டாம்ப் ஒட்டவில்லை. பிரமாணப் பத்திரத்தில் திருத்தம் இருக்கிறது, ஓரத்தில் சுருக்கொப்பம் இல்லை. ஆவணப் பட்டியலில் பத்து என்று எழுதி ஒன்பதை இணைத்திருக்கிறார்கள். மதிப்புக்கேற்ற கோர்ட் கட்டணம், இப்போது நூற்றுக்கு மூன்று, கணக்கில் பிசகு. இ-ஃபைலிங்கில் கோணலாக ஸ்கேன் செய்த பக்கம். இவற்றுக்கு ஆபீசில் ஒரு சரிபார்ப்புத் தாள் தயாரித்து ஒவ்வொரு கட்டின் முதல் பக்கத்திலும் குத்தி வையுங்கள். குழுக் கணக்கில் ரசீது சரிபார்த்த கை, இதில் சீக்கிரம் பழகிவிடும்.

எல்லாவற்றையும்விட மோசமான பிழை சொத்து விவரத்தில் நடக்கும். பழைய சர்வே எண், உட்பிரிவான புதிய எண், பட்டா எண், விஸ்தீரணம், நான்கெல்லை இவை மூலப்பத்திரத்தோடும் வில்லங்கச் சான்றோடும் ஒத்துப்போகின்றனவா என்று வரிக்கு வரி பாருங்கள். 142/3ஏ என்பது 142/3 ஆகிவிட்டால் யாரும் அப்போது கவனிக்க மாட்டார்கள். பத்து வருடம் வழக்கு நடத்தி, டிக்ரி வாங்கி, நிறைவேற்றக் கோர்ட் ஊழியரான ஆமீனா போகும்போது இடத்தைக் காட்ட முடியாது. தட்டச்சு ஆனதும் ஒருவர் மூலப்பத்திரத்தை வாய்விட்டுப் படிக்க, இன்னொருவர் பிராதைப் பார்த்துக்கொண்டு வருவது பழைய குமாஸ்தாக்களின் முறை. அதைவிட நல்ல முறை இன்னும் வரவில்லை.

கட்சிக்காரர் தரும் அசல் ஆவணத்துக்கு அன்றைக்கே பட்டியல் போட்டு, இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் உங்கள் கையெழுத்தோடு அவரிடம் கொடுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கி வைக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அதில் உங்கள் கை படவே வேண்டாம். எழுதப் படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைத்தால், படித்துக் காட்டி விளங்கவைத்தோம் என்ற குறிப்பு இருக்க வேண்டும், உண்மையிலேயே படித்துக் காட்டியும் இருக்க வேண்டும்.

வாட்ஸ்அப் செய்தி, சிசிடிவி பதிவு இவற்றை வெறும் பிரிண்டாகக் கொடுத்தால் எதிர்த்தரப்பு ஆட்சேபித்துத் தள்ளிவிடும். புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். இப்போது அதற்கு இரண்டு பாகம்: ஒன்று தரவைத் தருபவர் கையெழுத்திட, இன்னொன்று நிபுணர் கையெழுத்திட. கோப்பு மாறவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்பும் குறிக்க வேண்டும். கட்சிக்காரர் போனை மாற்றுவதற்கு முன்பே இதைச் செய்துவிடச் சொல்லுங்கள்.

மறுநாள் வழக்குப் பட்டியலை முந்தைய சாயங்காலமே ஈ-கோர்ட்ஸ் செயலியில் பாருங்கள். வழக்குக்குத் தரும் 16 எழுத்து சி.என்.ஆர். எண்ணை ஒவ்வொரு கட்டின் மேலட்டையிலும் எழுதி வைத்தால் தேடும் நேரம் மிச்சம். ஆனால் செயலியை மட்டும் நம்பி வாய்தா தேதியை எழுதிக்கொள்ளாதீர்கள். பதிவேற்றம் தாமதமாகும், தவறாகவும் விழும். பெஞ்ச் கிளார்க்கிடமோ, கோர்ட்டின் அன்றாடப் பதிவேடான ஏ டைரியிலோ உறுதி செய்த தேதிதான் தேதி.

உங்கள் வேலைக்கும் வக்கீல் வேலைக்கும் நடுவே கோடு எங்கே என்பதையும் சொல்லிவிடுகிறேன். தேதி, ஆவணம், படிவம், தகவல் இவை உங்கள் பக்கம். "இந்த வழக்கு ஜெயிக்குமா", "சமரசமாகப் போகலாமா", "இந்தப் பத்திரம் செல்லுமா" என்ற கேள்விகள் வக்கீல் பக்கம். கட்சிக்காரர் உங்களிடம்தான் முதலில் கேட்பார், ஏனென்றால் ஆபீசில் உட்கார்ந்திருப்பது நீங்கள்தான். "அம்மா வந்ததும் கேட்டுச் சொல்கிறேன்" என்பதே சரியான பதில். மனுவின் வரைவை நீங்கள் தட்டச்சு செய்யலாம், ஏன், எழுதிக்கூடப் பார்க்கலாம். வக்கீல் படித்துத் திருத்திக் கையெழுத்திட வேண்டும். அவர் படிக்காமலே கையெழுத்திடும் ஆபீஸ் என்றால் அங்கே நீடிக்க வேண்டாம். தவறு வரும்போது சுமை உங்கள் தலையில் விழும்.

இன்னொரு கோடும் உண்டு. வக்கீலிடம் கட்சிக்காரர் சொன்ன ரகசியத்தைக் காக்கும் கடமை குமாஸ்தாவுக்கும் பொருந்தும் என்று சாட்சியச் சட்டத்தின் 132-ஆம் பிரிவே சொல்கிறது. கிராமத்தில் இது கஷ்டமான காரியம். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவர் எதிர்க்கட்சிக்காரரின் மைத்துனராக இருப்பார்.

சட்டத் தன்னார்வலர் வேலை வேறு. 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் கீழ், தேசிய ஆணைக்குழு 2009-இல் இந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தது. பத்தாம் வகுப்புப் படிப்பு இருந்தால் நல்லது, அதைவிட முக்கியம் விஷயத்தைப் புரிந்துகொண்டு எடுத்துச் சொல்லும் திறன். ஆசிரியர், ஓய்வுபெற்றவர், அங்கன்வாடிப் பணியாளர், சட்ட மாணவர், மகளிர் குழுவினர் என்று பலரையும் எடுப்பார்கள். சிறையில் நன்னடத்தையுள்ள தண்டனைக் கைதிகள்கூடப் பி.எல்.வி. ஆகிறார்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் கேளுங்கள். பயிற்சிக்குக் கட்டணம் இல்லை. அடையாள அட்டை தருவார்கள். பணி ஒதுக்கிய நாளுக்கு மட்டும் மதிப்பூதியம் வரும். அது சம்பளம் இல்லை, அதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது.

என்ன செய்வார் என்றால்: கிராம சட்ட உதவி மையத்தில் உட்கார்ந்து, யாருக்கு இலவச வக்கீல் கிடைக்கும் என்று சொல்வார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் வருமானம் பார்க்காமலே கிடைக்கும் என்பது உங்கள் குழுவில் எத்தனை பேருக்குத் தெரியும்? வழக்காகும் முன்பே மக்கள் நீதிமன்றத்துக்கு மனு எழுதிக் கொடுப்பார்; அங்கே கோர்ட் கட்டணம் இல்லை, முடிவு டிக்ரிக்குச் சமம், மேல்முறையீடும் இல்லை. மேல்முறையீடு இல்லை என்பதைக் கையெழுத்துப் போடும் முன் அந்தப் பெண்ணிடம் இரண்டு தரம் சொல்ல வேண்டியது தன்னார்வலரின் கடமை. குழந்தைகள் காணாமல் போகும் புகார்களைக் கவனிக்கக் காவல் நிலையத்தில் பி.எல்.வி. இருக்க வேண்டும் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

சிறைப் பணிக்கு அனுப்பினால் மறுக்காதீர்கள். அங்கே குறிக்க வேண்டியவை சில தேதிகளும் ஒரு சட்டப் பிரிவும்தான். திருட்டு வழக்கில் அதிகபட்ச தண்டனை மூன்று வருடம் என்றால், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 479-ஆம் பிரிவின்படி, இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் தண்டனை பெறாதவர் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஒரு வருடம் உள்ளே இருந்தாலே வெளியே வரத் தகுதி. மற்றவருக்குப் பாதி, ஒன்றரை வருடம். வேறு வழக்கும் நிலுவையில் இருந்தால் இது பொருந்தாது, மரண தண்டனை, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கும் பொருந்தாது. இன்னொரு வகையினரும் இருப்பார்கள்: ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் இல்லாமல் உள்ளேயே இருப்பவர்கள். அவர்கள் பெயரைக் குறித்து ஆணைக்குழுவுக்குக் கொடுப்பதற்கு வாதத்திறமை வேண்டாம், நோட்டும் பேனாவும் போதும்.

பி.எல்.வி. பணம் வாங்கக் கூடாது, டீ செலவு என்றுகூட. "இந்த வக்கீலிடம் போங்கள்" என்று கைகாட்டக் கூடாது. வக்கீல் ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டே பி.எல்.வி. ஆக நினைத்தால் ஆணைக்குழுவிடம் முன்னமே எழுத்தில் சொல்லிவிடுங்கள். மையத்துக்கு வருகிற பெண்ணை உங்கள் ஆபீசுக்கு அனுப்பினீர்கள் என்ற பேச்சு வந்தால் இரண்டு இடத்திலும் பெயர் கெடும். கமிஷனுக்கு ஆள் பிடிப்பவர்களின் பட்டியலை வெளியிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் தரும் 45ஏ பிரிவு, 2023-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வழக்கறிஞர்கள் சட்டத்துக்குள் வந்திருக்கிறது. பட்டியலில் பெயர் ஏறிய பிறகும் தொடர்ந்தால் மூன்று மாதம் வரை சிறை.

குழுப் பெண்களுக்கு மனு எழுதுவது தப்பில்லை. கலெக்டருக்கு, தாசில்தாருக்கு, வங்கிக்கு, ரேஷன் கார்டுக்கு, முதியோர் ஓய்வூதியத்துக்கு யாரும் எழுதிக் கொடுக்கலாம். மனுவில் அவர்கள் கையெழுத்து, அவர்கள் பெயர்; நகலில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்கி வையுங்கள். கிரயம், தானம் போன்ற பதிவுப் பத்திரங்களைக் காசுக்கு எழுத வேண்டாம். அதற்கு பத்திர எழுத்தர் உரிமம் வேண்டும். வீட்டில் அடி வாங்கி வருகிற பெண்ணை உட்காரவைத்து மனு எழுதிக்கொண்டிருக்காமல் மாவட்ட சமூகநல அலுவலகத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலரிடம் அழைத்துப் போங்கள், அல்லது 15100-க்குப் போன் செய்யுங்கள். அது சட்ட உதவி எண்.

உங்கள் இடத்தில் எது சரி என்று கேட்டால், வக்கீல் அம்மாவின் ஆபீஸ். பத்தாயிரம் குறைவுதான், ஆனால் டிப்ளமோவுக்குக் கொடுக்கும் பணத்தை அவர் உங்களுக்குக் கொடுத்துச் சொல்லித் தருகிறார். சேரும் முன் நான்கு விஷயம் பேசிக்கொள்ளுங்கள்: சம்பளம் தேதி தவறாமல் வருமா, கோர்ட்டுக்கு அலையும் பஸ் செலவு யாருடையது, கட்சிக்காரரிடம் பணம் வாங்கும் பொறுப்பு உங்களுக்கு உண்டா (உண்டென்றால் ரசீதுப் புத்தகம் வேண்டும்), குமாஸ்தாவாகக் கோர்ட்டில் உங்களைப் பதிவு செய்வாரா. நான்காவது முக்கியம். வழக்கறிஞர் குமாஸ்தாக்களுக்குத் தமிழ்நாட்டில் 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நலநிதி இருக்கிறது. அதில் உறுப்பினராவதை முதல் வருடமே கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

இரண்டு வருடம் கழித்து வக்கீலாகவே ஆக ஆசை வந்தால், பட்டதாரியான உங்களுக்கு மூன்று வருட எல்.எல்.பி. போதும். ஆனால் நேரில் போய்ப் படிக்க வேண்டும். தபால் வழி சட்டப் பட்டத்தை வைத்துப் பதிவு செய்ய முடியாது. பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குமாஸ்தாவாக இருந்த வருடங்கள் வக்கீல் அனுபவமாகக் கணக்கில் சேராது. சான்றிட்ட நகலின் பின்பக்கத்தைப் படிக்கத் தெரிந்த ஜூனியரை மட்டும் எந்த சீனியரும் வேண்டாம் என்று சொல்வதில்லை.